'ஹிஸ்டரி' என்றால் முடிந்துபோனதா?

"அதெல்லாம் ஹிஸ்டரி" என்னும் பேச்சு இன்று நம் இல்லங்களில் இளையோர், முதியோர் என்ற வேறுபாடின்றி வழங்கக் காண்கிறோம். போனது போயிற்று, இனிப் பேசிப் பயனில்லை என்பது அதன் கருத்து. ஓர் ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் ஏறியதற்காக நாம் வருந்தவில்லை. அரபும் பார்சியும் ஏறிய நாவன்றோ நம்முடையது! அச்சொல்லின் பல பொருள்களுள் மிக மலிவான ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அதைக்கொண்டு கடமைகளைத் தட்டிக் கழிக்கிறார்களே, அதையே கண்டிக்கிறோம்.

அச்சொல்லின் கிரேக்க மூலத்திற்கு 'விசாரித்தறிதல்' என்பதே பொருள். விலங்குகளைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலின் பெயரிலும் அது உண்டு. அங்கே பழங்காலம் என்னும் கருத்துக்கே இடமில்லை. 'முடிந்துபோனது' என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பேச்சு வழக்கு. மருத்துவர் நம்மிடம் 'ஹிஸ்டரி' கேட்கும்போது, தந்தைக்கு நீரிழிவு இருந்ததா, முன்பு அறுவை நடந்ததா என்றெல்லாம் வினவுகிறார். "அது முடிந்த கதை" என்று எவரேனும் விடை பகர்வரோ? காவல் நிலையத்தில் 'ஹிஸ்டரி ஷீட்' திறக்கப்பட்டவனை நம் நாளேடுகள் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என எழுதுகின்றன. பழைய செயல் என்பதற்காகவே அவ்வேட்டை எவரும் மூடிவிடுவதில்லை.

இனி அரபுக்கு வருவோம். வரலாற்றுக்கு அங்கே 'தாரீக்' என்று பெயர். தேதிக்கும் அதுவே பெயர். உருது பேசும் நம் அண்டை வீட்டாரும் தேதியைத் தாரீக் என்றே கூறுவர். ஹளரத் உமர் (ரலி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் கொண்டுவரப்பட்டதாம். ஷஃபான் மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. எந்த ஷஃபான், சென்றதா, வருவதா என வினவினார்கள் கலீபா. தோழர்களுடன் கலந்து, ஹிஜ்ரீ 17-ஆம் ஆண்டளவில் (கி.பி. 638) ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்டு ஆண்டுக் கணக்கை நிறுவினார்கள் என அறிஞர் எழுதியுள்ளனர். கடனை மறக்கவா தாரீக் பிறந்தது? அதைத் தவறாது தீர்க்கவன்றோ பிறந்தது!

இப்னு கல்தூன் (1332–1406) தம் பெரும் வரலாற்று நூலுக்கு 'கிதாபுல் இபர்' எனப் பெயரிட்டார். 'இப்ரத்' என்றால் படிப்பினை. கடந்து செல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். நிகழ்ச்சியைக் கடந்து அதன் உட்பொருளை அடைவதே வரலாறு என்க. இதற்கு மாறாக, ஆது, ஸமூது கூட்டத்தாரின் செய்திகளைக் கேட்டு, 'முன்னோரின் கட்டுக்கதை' எனத் தள்ளியவர்கள் யார்? மக்கத்துக் குறைஷி மறுப்பாளர்கள். "அதெல்லாம் ஹிஸ்டரி" என்பவர், தம்மை அறியாமலே அவர்கள் குரலில் பேசுகிறார்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்பார்க்கு, நாம் வாழும் ஈக்காட்டுத்தாங்கலையே சான்று காட்டுவோம். தாங்கல் என்றால் சிற்றேரி. வேடந்தாங்கலும் பழவந்தாங்கலும் அவ்வாறு பெயர் பெற்றவையே. 2015 ஜூனில் இங்கே மெட்ரோ இரயில் வந்தது. இனி ஏரியையும் ஆற்றையும் பற்றி என்ன பேச்சு என்றிருந்தோர் பலர். அதே ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் நுழைந்தது. ஊர்ப்பெயர் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்ததை வெள்ளம் ஓரிரவில் சொல்லிவிட்டது. முடிந்துபோனது எது?

இல்லத்திற்குள் நோக்குவோம். பங்கு கேட்கும் சகோதரியிடம், "லாத்தா, வாப்பா மவுத்தாகி இருபது வருஷமாச்சு, அதெல்லாம் ஹிஸ்டரி" என்கிறான் தம்பி. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்குப் பங்குண்டு என அந்நிஸா அத்தியாயம் விதிக்கிறது. இருபது ஆண்டு கழிந்தால் அவ்விதி காலாவதியாகுமென எந்தக் கிதாபில் ஓதினான்? தீர்க்கப்படாத மஹரும் அவ்வாறே கடன்.

"பழையதை மறப்பது நற்குணமன்றோ?" என்பாரும் உளர். ஆம், நற்குணமே, ஆனால் அது கடன் கொடுத்தவரின் பெருந்தன்மை, கடன்பட்டவரின் உரிமையன்று. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். அவளுக்காகத் தம்பி விட்டுக்கொடுக்க முடியாது.

வக்ஃபின் நிலையும் இதுவே. நீண்டகாலப் பயன்பாட்டை மட்டும் சான்றாகக் கொண்டு ஒரு சொத்தை வக்ஃபு எனக் கொள்ளும் வழி, இனி வருவனவற்றிற்கு 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அடைக்கப்பட்டுவிட்டது. அச்சட்டத்தைக் கண்டிக்க மேடை போடுவோர் போடட்டும். அதனோடு, தம் ஜமாஅத்தின் பெட்டியைத் திறந்து, தேதியிட்ட பத்திரங்கள் எத்தனை உள, கரையான் தின்றவை எத்தனை என்றும் எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழில் வரலாறு என்பது வந்த வழி. வழி நெடுகிலும் நாம் வாங்கிய கடன்கள் கிடக்கின்றன. பிள்ளைகள் "ஹிஸ்டரி" என்று உரைக்கும்போது தடுக்க வேண்டாம், "எந்தத் தேதி, யாருக்கு என்ன பாக்கி?" என்று மட்டும் கேளுங்கள்.