சொல் அறிவோம்: ஓடிப்போய் மோதுவது



சென்ற மாதம் ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவனின் தந்தை கடிதம் ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்.

"ஐயா, தங்கச்சி மகன் தவணையில மோட்டார் சைக்கிள் வாங்கினான். கையெழுத்துப் போட்டேன். இப்ப எனக்குக் கடிதம் வந்திருக்கு. 'கட்டணம் வரும்'னு மகன் சொல்றான். அவ்வளவுதானா?"

கடிதத்தில் 'இன்கர்' என்ற ஆங்கில வினைச்சொல் இருந்தது. 'வரும்' என்பது பிழையன்று; ஆனால் முழுப் பொருளும் அன்று. மழையும் வருகிறது, அதை நாம் வரவழைப்பதில்லை. தன் செயலால் தன் தலைமேல் தானே வருவித்துக்கொள்வதுதான் 'இன்கர்'. கடன், அபராதம், நஷ்டம், பிறர் கோபம் ஆகியவற்றோடுதான் அது பெரும்பாலும் சேரும். பரிசை யாரும் 'இன்கர்' செய்வதில்லை.

லத்தீன் மொழியில் 'குர்ரெரே' என்றால் ஓடுதல். முன்னால் 'இன்' சேர்ந்தால், ஓடிப்போய் மோதுதல். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இது ஆங்கிலத்தில் புகுந்தது. நம் வீட்டுக் 'கரண்ட்'டும் அதே வேரில் பிறந்த சொல்தான்.

நம் சிம்பாங் ரெங்கத்தாருக்கு இதை விளக்குவது எளிது. மலாயில் 'சிம்பாங்' என்றால் சந்தி. சந்தியில் இருபுறமும் பாராமல் ஓடுபவன் அடிபட்டால், "லாரி வந்தது" என்று மட்டும் சொன்னால் போதுமா? அவன் ஓடியதையும் சொல்ல வேண்டாமா?

தமிழில் நாம் 'விளைவு' என்கிறோம். அது வயலில் விளைவதிலிருந்து வந்த சொல். ஆங்கிலச் சொல்லில் ஓட்டம். நம் சொல்லில் பயிர். இரண்டிலும் தொடக்கம் நம் செயலே.

அவருக்கு இதைச் சொன்னபோது, "சாட்சிக் கையெழுத்துன்னுதான் சொன்னான், ஐயா" என்றார். தாளைப் பார்த்தேன். அது ஜாமீன் கையெழுத்து. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வெகுநேரம் அவர் பேசவில்லை. மறுநாள் இருவரும் டவுனுக்குப் போய், நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். தங்கை மகனும் இப்போது மாதந்தோறும் கொஞ்சம் கட்டுகிறான்.

பெற்றோர்களே, தாளில் 'இன்கர்' என்ற சொல்லைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். யார் கட்டுவது, எவ்வளவு, எப்போது என்று கேளுங்கள். படித்துச் சொல்ல ஆளில்லையா? பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்த இதழில் இன்னொரு சொல்லுடன் சந்திப்போம்.