உப்பும் முன்னெச்சரிக்கையும்

சுங்குவார்சத்திரத்தில் வெண்பனி பெய்வதில்லை. ஆயினும், அதற்கு அண்மையில் ஒரகடத்தில் உருவாகும் மோட்டார் சைக்கிள்கள் கடல் கடந்து இங்கிலாந்துச் சாலைகளிலும் ஓடுகின்றன. அங்கே குளிர்காலத்தில் சாலைமீது நீர் உறைந்து, கால் வைப்பாரையும் வண்டி ஓட்டுவாரையும் வழுக்கி வீழ்த்தும். உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது. ஆதலின் உள்ளாட்சி மன்றங்கள், செஷயர்ப் பகுதியிலுள்ள வின்ஸ்போர்டு முதலிய சுரங்கங்களிலிருந்து பாறையுப்பை வாங்கிச் சாலைகளில் தூவுகின்றன.

2010 சனவரியில் கடும்பனி நீடித்தது. உப்பு இருப்புக் குறைந்தது. தூவும் உப்பில் கால்பங்கைக் குறைக்குமாறு அரசு மன்றங்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் இதனை ஆராய்ந்த குழு, பன்னிரண்டு நாள் கடும்பனிக்குப் போதுமான உப்பைப் பருவம் தொடங்குமுன்னரே சேர்த்து வைத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அளவு மிஞ்சினால் உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், நீர்நிலைகளையும் கெடுக்கும். ஆகவே சேமிப்பும் வேண்டும், சிக்கனமும் வேண்டும்.

நம் ஊராட்சிகளுக்கு இதிலே பாடம் உண்டு. இங்குப் பனிக்கு மாறாக வடகிழக்குப் பருவமழை வருகிறது. 2015ஆம் ஆண்டின் வெள்ளம் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பெரிதும் வாட்டிற்று. அக்டோபருக்கு முன்னரே கால்வாய்களைத் தூர்வாருதலே இவ்வூர்களுக்குரிய உப்புச் சேமிப்பாகும். பனி பெய்தபின் உப்பைத் தேடுவதும், வெள்ளம் புகுந்தபின் மண்வெட்டியைத் தேடுவதும் ஒரே அறியாமையின் இரு வடிவங்களே.