மகாடில் ஏன் திருப்பி அடிக்கவில்லை?

1927 மார்ச் 20. மகாராட்டிரத்தின் மகாடு நகரில் சவுதார் குளத்தை நோக்கி ஆயிரக்கணக்கான தீண்டப்படாத மக்கள் ஊர்வலமாக நடந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

இதில் சட்டமீறல் ஏதும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதவர்களுக்கும் உரியவை என்று எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானத்தை 1923-லேயே பம்பாய் சட்டமன்றம் ஏற்றிருந்தது. மகாடு நகராட்சியும் 1924-ல் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளிலேயே கிடந்தது. காந்தியார் தண்டியில் உப்புச் சட்டத்தை மீறினார். மகாடில் நம் மக்கள் ஏற்கெனவே கிடைத்த உரிமையை நடத்திக் காட்டினார்கள். இரண்டையும் ‘அகிம்சை’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து, கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளப்பினார்கள். மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தடிகளோடு வந்து தாக்கி, சோற்றை மண்ணில் கொட்டினார்கள். நம் பக்கம் முன்னாள் படைவீரர்கள் பலர் இருந்தார்கள். அடிக்கத் தெரியாதவர்கள் அல்லர். அம்பேத்கர் தடுத்தார். வழக்கு நடந்து, தாக்கியவர்களில் ஐந்து பேருக்கு நான்கு மாதக் கடுங்காவல் கிடைத்தது. எதிரியின் மனம் இளகும் என்ற நம்பிக்கையில் அவர் தடுத்ததாக நான் நினைக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் மறுநாள் அவரவர் ஊரில், சாதி இந்துக்களுக்கு நடுவே சிறுபான்மையாகத்தான் இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்த தலைவர் அவர்.

குளத்தை 108 குடம் சாணம், கோமியம், பால், தயிர் ஊற்றித் ‘தூய்மை’ செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் கூடியபோது நீதிமன்றத் தடை வந்தது. குளத்தைத் தொடாமல், 25-ம் தேதி மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு 1937-ல்தான் வந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டு!

அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று, சத்தியாகிரகத்தையும் கைவிட வேண்டும் என்று அதே அம்பேத்கர் பேசினார். இதை நமக்கு எதிராகவே எடுத்து நீட்டுகிறவர்கள், அவர் வைத்த நிபந்தனையை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். அரசியல் சட்ட வழி திறந்திருக்கும்போது என்பதுதான் அது. திறந்திருக்கிறதா? கோயில் நுழைவோ பொதுப்பாதையோ, சிக்கல் என்றதும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. அடித்தவரும் அடிபட்டவரும் ‘இருதரப்பு’ ஆகிறார்கள். “நீங்க கொஞ்சம் பொறுத்துப் போங்கப்பா” என்ற அறிவுரை மட்டும் எப்போதும் ஒரு தரப்புக்கே. தீண்டாமை, பேசித் தீர்க்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு அல்ல, குற்றம். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவோ, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரையும் தண்டிக்கச் சொல்கிறது.

அமைதிக் கூட்டத்துக்கு அழைத்தால் போவோம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு போவோம்.