எங்கும் ஓடினால் மட்டும் போதுமா?

சி மொழியில் எழுதிய நிரல்நூலகமொன்று விண்டோசிலும் லினக்சிலும் பிழையின்றித் தொகுக்கப்படின், அஃது எவ்வியங்குதளத்துக்கும் பெயர்க்கத்தக்கதாயிற்று என்பர் கணினி வல்லோர் பலர். இக்கூற்று ஆங்கிலப் பெயர்களுக்கு மட்டுமே பொருந்தும். நுவரெலியாவிலோ அட்டனிலோ உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் பெயர்ப்பதிவேட்டை அந்நூலகத்திடம் ஒப்படைத்துப் பார்த்தல் வேண்டும்.

'மீனாட்சி' தமிழர்க்கு நான்கு எழுத்து. யூடிஎஃப்-8 குறியீட்டிலோ 24 பைட்டு. பெயரை 20 பைட்டில் வெட்டும் நிரல் அப்பெண்ணை 'மீனாட்' ஆக்கி, பொருளற்ற இரு பைட்டுகளையும் பின்னே தொங்கவிடும். இதுவாவது எல்லாப் பொறியிலும் ஒரே தவறு. அடுத்தது வஞ்சகமானது. அக்குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதற் பைட்டும் 224. எழுத்துக்கெனச் சி மொழி தரும் 'சார்' என்னும் தரவினம் எதிரெண் கொள்ளுமா என்பதை அம்மொழியின் தரம் தொகுப்பியிடமே விட்டுவிட்டது. கொள்ளுமாயின் 224 என்பது −32 ஆகும். அதனை 'இஃது எழுத்தா?' என வினவும் செயற்கூற்றுக்கு அனுப்பின், விளைவு யாதென்று தரமே கூறாது. ஆங்கில எழுத்தெதுவும் 127ஐத் தாண்டாமையால் இக்குழியில் அவர்கள் விழுந்ததில்லை. அகல எழுத்தினமோ விண்டோசில் 16 பிட், லினக்சில் 32 பிட். அதனை அவ்வாறே கோப்பிலிட்டு அனுப்புவோர் அனுப்புவது குப்பை.

பரிகாரம் அரிதன்று: குறியற்ற பைட்டு, பரிமாற்றத்துக்கு யூடிஎஃப்-8, 1999ஆம் ஆண்டுத் தரம் வழங்கிய நிலையான அளவுடைய எண்ணினங்கள். 'தமிழைப் பின்னர்ச் சேர்க்கலாம்' என்போர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தந்தை பாட்டன் பிறப்புக்குச் சான்று கேட்கப்பட்டு நாடற்றோராக்கப்பட்ட மக்களிடம் சென்று அதனைச் சொல்லட்டும்.