ஏற்காட்டுக்குக் கூடவே வரும் ஒற்றன்!

சேலத்தில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டுகிறது. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார்கள். பிறகு ஏற்காட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காப்பித் தோட்டம், மிளகுக் கொடி. ஏரியில் படகு. பகோடா முனையில் குளிர்ந்த காற்று. ஆனந்தமான பயணம்தான்!

ஆனால், அழைக்காத ஒருவனும் கூடவே வருகிறான். எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று குறித்துக்கொண்டே வருகிறான்.

யார் அந்த ஒற்றன்?

சட்டைப் பையில் இருக்கும் செல்போன்! அதாவது, யோசிக்காமல் அதில் இறக்கி வைத்த சில செயலிகள்.

விளக்கு செய்த வேலை

மலையில் இருட்டி விட்டால் வெளிச்சம் வேண்டும். உடனே விளக்குச் செயலி ஒன்றை இறக்குவார்கள். இலவசம்தானே!

அமெரிக்காவில் அப்படி ஒரு செயலி இருந்தது. கோடிக்கணக்கான தடவை இறக்கப்பட்டது. வெளிச்சம் கொடுத்தது உண்மை. ஆனால், செல்போன் இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தது.

"சம்மதமா?" என்று அது கேட்கும். பதில் சொல்லும் முன்பே தகவல் போய்விடும்! 2013-ல் அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் இதன் மீது நடவடிக்கை எடுத்தது.

வெளிச்சம் போட, ஆள் இருக்கும் இடம் எதற்கு? இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மறைக்க என்ன இருக்கிறது?

"நாங்கள் என்ன திருடர்களா? மறைக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் சொல்கிறார்கள்.

வீட்டுக்குக் கதவு எதற்கு? திருட்டுப் பொருளை ஒளிக்கவா? இல்லை. உள்ளே நடப்பது குடும்பத்தின் சொந்த விஷயம்!

ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

குறைவாகக் கேட்கும் செயலியே நல்ல செயலி.

செய்தி அனுப்ப "சிக்னல்" இருக்கிறது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு அதை நடத்துகிறது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர, அந்த அமைப்பே கூடச் செய்தியைப் படிக்க முடியாது.

வழி பார்க்க "ஆர்கானிக் மேப்ஸ்" இருக்கிறது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால், மலையில் இணையம் கிடைக்காத இடத்திலும் வழி காட்டும். விளம்பரம் கிடையாது.

விளக்குக்குத் தனிச் செயலியே வேண்டாம். செல்போனிலேயே இருக்கிறது!

தமிழ்நாட்டுச் செயலி என்றாலும் கேள்வி கேட்க வேண்டும். சோகோ நிறுவனத்தின் "அரட்டை" செயலிக்கு 2025-ல் மக்கள் திரண்டார்கள். "பேச்சை மூன்றாவது ஆள் கேட்க முடியாதபடி பூட்டு இருக்கிறது. எழுத்துச் செய்திக்கு அந்தப் பூட்டு இல்லையே?" என்ற கேள்வி எழுந்தது. அதையும் போடும் வேலையில் நிறுவனம் இறங்கியது.

கேட்டால்தான் கிடைக்கும்!

தமிழில் கேளுங்கள்

ஒற்றனை உள்ளே விடுவது "சம்மதம்" என்ற பொத்தான்தான். அதற்கு மேலே பக்கம் பக்கமாக, பொடி எழுத்தில், ஆங்கிலம்! வக்கீலுக்கே தலை சுற்றும். அதை அழுத்துவதும், படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைப்பதும் ஒன்றுதான்.

சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் படிக்க வசதி தரவேண்டும் என்கிறது, 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம். ஆனால், 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டபோது, இதை நிறைவேற்ற 18 மாத அவகாசம் கொடுத்து விட்டார்கள். இவ்வளவு தாமதம் தேவையே இல்லை.

சட்டம் மெதுவாக மலை ஏறட்டும். புரியாத எதற்கும் நீங்கள் சம்மதம் கொடுக்காதீர்கள். "இது உனக்கு எதற்கு?" என்று ஒவ்வொரு செயலியையும் கேளுங்கள். சரியான காரணம் இல்லையா? அனுமதி கொடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் ஓடாது என்கிறதா? நீக்கி விடுங்கள்.

வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள், செல்போனின் பூட்டையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டும்!