நோயாளியின் உயிரும் அமானிதமே

நமது சமுதாயத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் பெருகியுள்ளனர்; அல்ஹம்துலில்லாஹ். ஆனால், ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்றால் அவர்களிலேயே பலர் தட்டிக் கழிக்கின்றனர். அவர்கள் கூறும் காரணங்கள் எவையும் நிற்பவை அல்ல என்பதே நம் உறுதியான நிலைப்பாடு.

"எனக்கென்ன, நான் திடமாகத்தானே இருக்கிறேன்?" என்பது முதற் காரணம். கேள்வி உங்கள் உடலைப் பற்றியதன்று. காய்ச்சல் தெரியுமுன்பே, ஒரு நாள் முன்னதாகவே, ஃப்ளூ பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இத்தடுப்பூசி போட இயலாது. அக்குழந்தையைத் தூக்கும் கைகள் உங்களுடையவை. கர்ப்பிணிகளும் டயாலிசிஸ் நோயாளிகளும் மூச்சிரைப்புள்ள முதியவர்களும் உங்களை நம்பியே வருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான்.

"அல்லாஹ் காப்பான்" என்பது அடுத்தது. காப்பவன் அவனே, ஐயமில்லை. ஆயினும் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்றறிந்ததும் கலீஃபா உமர் (ரலி) பாதிவழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து வெருண்டோடுகிறீர்களா என்ற வினாவுக்கு, தாம் செல்வதும் அவனது விதியை நோக்கியே என விளக்கினார்கள். அவர்களைவிடவா நமது தவக்குல் பெரிது?

"ஊசி போட்டால் காய்ச்சல் வரும்" என மருத்துவம் படித்தவரே சொல்வது வெட்கக்கேடு. ஊசியில் உள்ளது செயலிழந்த கிருமி அல்லது அதன் கூறு. அது ஃப்ளூவை உண்டாக்காது. கைவலியும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் நீங்கிவிடும். முழுப் பாதுகாப்பு இல்லை என்பது உண்மையே. கிருமியோடு நன்கு பொருந்தும் ஆண்டுகளில் 40 முதல் 60 விழுக்காடு வரை நோயைத் தடுக்கிறது. பாதி நனைகிறோம் என்பதற்காகக் குடையை யாரும் வீசி எறிவதில்லை.

ஹராம் என்ற முணுமுணுப்பும் உண்டு. பிரிட்டனில் பன்றி ஜெலட்டின் சர்ச்சை எழுந்தது, குழந்தைகளின் மூக்கில் தெளிக்கும் மருந்தைப் பற்றியே. அங்கு பெரியவர்களுக்குப் போடும் ஊசியில் ஜெலட்டின் இல்லை.

மருத்துவமனை நடத்தும் செல்வந்தர்களே, பழியைப் பணியாளர்மீது மட்டும் சுமத்தாதீர்கள். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழைக்காலத்துக்கு முன்பே துப்புரவுப் பணியாளர் வரை அனைவருக்கும் இலவசமாகப் போடுங்கள். காய்ச்சலில் இருப்பவருக்குச் சம்பளத்துடன் விடுப்புக் கொடுங்கள். ஓர் உயிரைக் காப்பதன் மாண்பைப் பேசும் அல்மாயிதா 32ஆம் வசனத்தை வரவேற்பறையில் மாட்டினால் மட்டும் போதாது; அது வார்டுக்குள்ளும் நுழைய வேண்டும்.