கையொப்பமும் வாசகனும்

எமது கல்லூரி வாழ்க்கையின் நினைவுப் பொருள்களுள் சிறிய கையொப்பப் புத்தகம் ஒன்று இன்றும் எம்மிடம் உண்டு. நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக மாறிமாறி வரும் அதன் தாள்களிலே ஆசிரியர் சிலரின் ஆசியுரைகளும், விடைபெற்றுச் சென்ற நண்பர்களின் வேடிக்கை வாக்கியங்களும் உள்ளன. அவற்றின் நடுவே, ஒரு மஞ்சள் தாளில், எழுத்தாளர் ஒருவரின் கையொப்பம் இருக்கின்றது. அவர் எமது கல்லூரி மண்டபத்திலே சொற்பொழிவாற்றிய அன்று, கூட்டம் முடிந்ததும் முண்டியடித்துக்கொண்டு மேடையருகே சென்ற மாணவருள் யாமும் ஒருவர். புத்தகத்தை நீட்டினோம். அவர் பேனாவைத் திறந்தவாறே, "தம்பி, என்னுடைய கதைகளில் எதை வாசித்திருக்கிறீர்?" என்று வினவினார். யாம் வாய் திறவாது நின்றோம். எமக்குப் பின்னே நின்றவனிடமும் அதே வினாவைத் தொடுத்தார். அவனும் அவ்வாறே நின்றான். அதன்பின் அவர் எவரையும் எதுவும் கேட்கவில்லை. வரிசை முடியும்வரை தலைநிமிராது ஒப்பமிட்டுக் கொடுத்துக்கொண்டேயிருந்தார்.

அன்று அது எமக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. கையொப்பம் கிடைத்த மகிழ்ச்சியோடு வீடு சென்றோம். பல ஆண்டுகள் கழிந்து, உத்தியோக நிமித்தம் வெளியூரில் இருந்த காலத்திலே, அவருடைய சிறுகதைத் தொகுதி ஒன்று தற்செயலாகக் கைக்கு வந்தது. அதில் ஒரு கதை. மகனிடமிருந்து வந்த கடிதத்தைத் தாயொருத்தி பிரித்துப் பாராமலே பெட்டகத்துள் வைத்துப் பூட்டிவிடுகிறாள். கதை அவ்வளவில் முடிகின்றது. ஏன் அவள் அதைப் பிரிக்கவில்லை என்று அவரிடம் கேட்க வேண்டும் என்னும் அவா எமக்கு எழுந்தது. விசாரித்தபோது அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த விழா மலரிலே இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நூலாசிரியரும் வாசகரும் நேருக்கு நேர் கூடும் நிகழ்ச்சிகள் நம்மவரிடையே இன்று மலிந்துவிட்டன. அவற்றுள் எத்தனை மெய்யான சந்திப்புக்கள் என்பதே எமது ஐயம். நமது வெளியீட்டு விழாக்களை எடுத்துக்கொள்வோம். மங்கள விளக்கேற்றல், கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், மதிப்புரை ஆகிய இத்தனையும் நடந்தேறிய பின்னரே நூலாசிரியரின் ஏற்புரை வரும். அதற்குள் சபையிற் பாதிப்பேர் பேருந்துக்கு நேரமாயிற்றென்று எழுந்துவிடுவர். தம் கைப்பொருளைச் செலவிட்டு நூலை அச்சிடும் ஆசிரியருக்கு, சிறப்புப் பிரதி பெறுவோர் நீட்டும் கடிதவுறைகள் அச்சகக் கணக்கைத் தீர்க்க உதவுகின்றன என்பதை யாம் அறியாதவரல்லோம். யாமும் உறை நீட்டிப் படத்துக்கு நின்றவர்களே. ஆயினும் ஒன்று கேட்கிறோம். அன்றைக்கே வெளிவரும் நூலை, மதிப்புரை செய்பவரைத் தவிர அச்சபையில் வேறெவர் வாசித்திருத்தல் கூடும்? வாசகரே இல்லாத சபையில் ஆசிரியர் யாரைச் சந்திக்கிறார்?

நம் முன்னோர் கண்ட அரங்கேற்றம் இவ்வாறானதன்று. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றப் புகுந்தபோது, முதற்செய்யுளின் தொடக்கத்திலேயே சந்தி இலக்கணம் பொருந்தவில்லையென்று சபையில் ஒருவர் தடை எழுப்பினார் என்றும், மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதி காட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் மரபுரை கூறும். வரலாற்றாய்வாளர் இதனை எவ்வாறு கொள்வாரோ கொள்ளட்டும். ஒரு சொல்லுக்காக ஒருநாள் முழுவதும் காத்திருந்த சபையைப் பற்றி ஒரு சமூகம் கதை வழங்கிற்று என்பதே எமக்குப் போதுமானது. அச்சபையினர் பிரதி வாங்க வந்தவரல்லர், கேட்க வந்தவர்.

மேலைத்தேயத்திலே, அச்சுப் புத்தகம் ஆயிரக்கணக்கிற் பரவிய காலத்தில், ஆசிரியர் ஊரூராகச் சென்று வாசகரைக் காணும் வழக்கம் ஓங்கியது. அதன் பெருமையையும் கேட்டையும் ஒருங்கே காட்டுவது சார்ள்ஸ் டிக்கன்ஸின் வாழ்வு. 1853 டிசம்பரில், பேர்மிங்காம் நகரிலே, தருமத்தின் பொருட்டு அவர் தமது கிறிஸ்மஸ் கதையைச் சபையோர் முன் வாசித்தார். அவ்வாசிப்புக்களுள் ஒன்றைத் தொழிலாளருக்கென்றே குறைந்த கட்டணத்தில் வைக்க வேண்டுமென்று அவரே கேட்டுக்கொண்டார். 1858 முதல் தம் வருவாய்க்காகவும் வாசிக்கலானார். எழுத்தாளன் மேடையேறிக் கட்டணம் பெறுவது கண்ணியக் குறைவு என்று அவருடைய நண்பர் யோன் போஸ்ரர் தடுத்துப் பார்த்தார். டிக்கன்ஸ் கேட்கவில்லை.

அவ்வாண்டுச் சுற்றுப்பயணத்தில் யோர்க் நகருக்குச் சென்றிருந்தபோது, முன்பின் அறியாத பெண்மணி ஒருவர் தெருவில் அவரை மறித்து, தம் இல்லத்தை எத்தனையோ நண்பர்களால் நிரப்பிய அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாராம். நண்பருக்கு எழுதிய கடிதமொன்றிலே டிக்கன்ஸ் இதனை நெகிழ்ந்து குறிப்பிடுகிறார். அப்பெண்மணி கையொப்பம் கேட்கவில்லை. அக்கையிலிருந்து தமக்கு வரவேண்டியது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். நூல் கையெழுத்திடும் மேசையைச் சுற்றி நெருக்கும் இக்காலத்துக் கூட்டங்களைக் காணுந்தோறும் எமக்கு அந்த யோர்க் நகரப் பெண்மணியே நினைவுக்கு வருகிறார்.

டிக்கன்ஸின் சபையோர் புதுக்கதை கேட்க வந்தவரல்லர். தாம் வாசித்து, குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டி, ஏறக்குறைய மனப்பாடமாகவே அறிந்த பகுதிகளை ஆக்கியோன் வாயாற் கேட்க வந்தனர். நம் ஆலயங்களிலே புராணபடனம் கேட்க அமர்ந்த முதியோரும் கதை தெரியாமலா அமர்ந்தனர்? அடுத்து வருவது இன்னதென்று அறிந்தே காத்திருத்தலில் ஒரு தனிச் சுவை உண்டு. 1867 டிசம்பர் முதல் 1868 ஏப்ரில் வரை அமெரிக்காவில் டிக்கன்ஸ் 76 முறை வாசித்தார். அனுமதிச் சீட்டுக்காக மக்கள் முதல்நாளிரவே வந்து, கடும்பனிக் குளிரில் வரிசையாகக் காத்துக் கிடந்தனர். சீட்டுக்களை மொத்தமாக வாங்கி அதிக விலைக்கு விற்றோரும் அன்றே இருந்தனர். செலவு போக அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 19,000 பவுண். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம்.

அச்செல்வத்துக்கு அவர் கொடுத்த விலையை நாம் மறத்தலாகாது. 1865 இல் நேர்ந்த ஸ்ரேபிள்ஹேர்ஸ்ற் புகையிரத விபத்தில் அவர் உயிர் தப்பியவர்; அதன்பின் புகையிரதப் பயணமே அவருக்கு நடுக்கமாயிற்று. அமெரிக்காவிலோ நீங்காத சளியும் உறக்கமின்மையும் வாட்டின. இறுதி வாரங்களில் திட உணவு செல்லாது பானங்களிலேயே காலங் கழித்தார். நாடு திரும்பி, 1869 இல், நான்சி என்னும் பெண் கொலையுண்ணும் பகுதியை மேடையிலே நடித்து வாசிக்கலானார். அவ்வாசிப்பின் முன்னும் பின்னும் வைத்தியர் நாடி பார்த்தபோது, 72 ஆக இருந்த துடிப்பு 110 க்கும் மேலே ஏறியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் பிரெஸ்ரன் நகரிலே உடல் நிலைகுலைந்ததால் வைத்தியர் பயணத்தை நிறுத்தினர். 1870 மார்ச் 15 ஆந் திகதி இலண்டனில் இறுதியாக வாசித்து விடைபெற்றார். யூன் 9 ஆந் திகதி, 58 ஆவது வயதில், எழுதிக்கொண்டிருந்த நாவல் பாதியிலே நிற்க, மறைந்தார். பணம் ஒரு காரணமே. சபையின் ஆரவாரமின்றி அவரால் இருக்க முடியவில்லை என்பதே எமது எண்ணம். வாசகரின் அன்பும் அளவு மீறினால் ஆளைத் தின்னும்.

மார்க் துவெயின் சென்ற பயணம் வேறு வகையது. தாம் நடத்திய பதிப்பகம் 1894 இல் வீழ்ச்சியடைந்தபோது, கடன்காரருக்குப் பங்கு வீதம் கொடுத்து விலகிக்கொள்ளச் சட்டம் அவருக்கு இடமளித்தது. அவரோ முழுக்கடனையும் இறுப்பதெனத் துணிந்தார். 1895 யூலையில், 59 வயதில், மனைவியோடும் ஒரு மகளோடும் புறப்பட்டு, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, தென்னாபிரிக்கா எனப் பேசிக்கொண்டே உலகைச் சுற்றினார். வழியிலே, 1896 யனவரியில், கொழும்பிலும் இறங்கினார். நம்மவரின் ஆடைகளின் வண்ணங்களைக் கண்டு மெய்ம்மறந்து நின்ற அவர், மிஷன் பாடசாலையொன்றிலிருந்து மேலைநாட்டு உடையில் வரிசையாக வந்த சிறுமியரைக் கண்டு மனங் கசந்ததைத் தம் பிரயாண நூலில் எழுதியிருக்கிறார். அவரைப் பேச்சாளராக மட்டும் அறிந்தவர்கள் அப்பக்கங்களை வாசித்தல் நன்று. 1898 அளவில் கடன் முழுதும் தீர்ந்தது. ஆனால் பயணம் முடிந்து இங்கிலாந்து சேர்ந்த சில நாளில், ஊரிலே விட்டுவந்த மூத்த மகள் சூசி இறந்த செய்தி அவரை எட்டிற்று. எழுத்தாளன் வாசகரிடம் பணம் பெறுவது இழிவென்று சொல்வோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக.

இக்காலத்திலோ கையொப்பத்துக்குக் கையும் வேண்டாதாயிற்று. கனடிய எழுத்தாளர் மாகிரட் அற்வூட், ஊரூராக அலைந்த களைப்பில், தொலைவிலிருந்தே ஒப்பமிடும் கருவியொன்றை எண்ணி, 2006 இல் அதனைக் காட்சிக்கு வைத்தார். 'நெடும்பேனா' என்று பொருள்படுவது அதன் பெயர். பலர் நகைத்தனர். யாம் நகையோம். அக்கருவியில் வாசகரும் ஆசிரியரும் திரையிலே முகம் பார்த்து உரையாடிய பின்னரே பேனா அசையும். ஒரு சொல்லும் பேசாது அருகிலிருந்து ஒப்பமிடுவதிலும் அது மேலன்றோ? ஆனால் 2022 இல் நிகழ்ந்ததோ வேறு. பாடலாசிரியர் பொப் டிலனின் நூலொன்று, அவர் கைப்பட ஒப்பமிட்டது என்ற உறுதிமொழியோடு, பிரதி 599 டொலருக்கு விற்கப்பட்டது. வாங்கியோர் தம் பிரதிகளை ஒப்புநோக்கியபோது அது இயந்திரத்தின் ஒப்பமென்று வெளிப்பட்டது. பதிப்பகத்தார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். டிலனும் மன்னிப்புக் கேட்டார். பொய் பொய்யே. எனினும், நூலின் உள்ளே ஓர் எழுத்தும் மாறாதிருக்க, முதற்றாளின் கீறலே பெரிதாயிற்று என்பதையும் நோக்குக.

எமது விழாக் குழுவினர் எழுத்தாளர் சிலரைக் கல்லூரிக்கு அழைக்க எண்ணியிருப்பதாக அறிகிறோம். மகிழ்ச்சி. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மண்டபத்தை விட்டு நூலகத்துக்கு அழையுங்கள். வருவதற்கு இரண்டு மாதம் முன்னரே அவர் நூலின் முப்பது பிரதிகளை வாங்கி, விரும்பிய மாணவர் முப்பதின்மருக்குக் கொடுங்கள். மாலையும் பொன்னாடையும் வேண்டாம், வாழ்த்துரையும் வேண்டாம். ஆசிரியருக்குப் பயணச் செலவும், முடிந்தால் ஒரு சன்மானமும் கொடுங்கள். மாணவர் தமக்கு விளங்காததைக் கேட்கட்டும். பிடிக்காததையும் மரியாதையோடு சொல்லட்டும். பிரதிகளில் ஒப்பமிடுவது இறுதியில் நடக்கட்டும், நடவாவிட்டாலும் குறையில்லை. வாசிக்காத மாணவர் வரமாட்டாரே, கூட்டம் சிறுத்துவிடுமே என்று சிலர் அஞ்சுவர். சிறுக்கட்டும்.

முதற் சந்திப்புக்கான முப்பது பிரதிகளின் விலையை யாம் தருவோம். எந்நூல் என்பதை மாணவரே தெரிவுசெய்க. மஞ்சள் தாளில் ஒப்பமிட்டவரின் தொகுதி இப்பொழுது கடைகளிற் கிடைப்பதில்லை. எம்மிடமிருந்த பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவைத்துள்ளோம். கடிதத்தைப் பிரிக்காத தாயின் கதை அதில் ஏழாவது.